பஹாமாஸ் கரையோரத்தில் நடந்து ஃப்ளை ஃபிஷிங்: கருவிகளைத் தேர்ந்தெடுப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறகும் நூலும் கட்டிய சின்னஞ்சிறு செயற்கை இரையை (இதுதான் ஃப்ளை), கனமான லைனின் எடையைக் கொண்டே வீசி மீன் பிடிக்கும் முறைதான் ஃப்ளை ஃபிஷிங். இங்கிலாந்திலும் கனடாவிலும் வாழும் நம்மவர்களில் சிலர் குளிர்ந்த ஆறுகளில் டிரவுட் மீனுக்காக இம்முறையைப் பழகியிருக்கிறார்கள். அவர்கள் குளிர்கால விடுமுறைக்கு வெப்பக் கடலோரம் ஒன்றுக்குப் போகத் திட்டமிடும்போது கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு என் அனுபவத்தில் நான் சரியெனக் கண்ட பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாக் கடல்களுக்கும் பொதுவாகப் பேசினால் எந்தக் கடலுக்கும் பயன்படாது என்பதால், படகு வாடகைக்கு எடுக்காமல் கரையிலிருந்தே இறங்கி நடந்து பிடிக்கக்கூடிய பஹாமாஸ் தீவுகளையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அங்கே எந்த மீனைத் தேடிப் போகிறோம்?

போன்ஃபிஷ் என்னும் மீனை. பஹாமாஸின் 10 சென்ட் நாணயத்தில் இரண்டு போன்ஃபிஷ்கள் பொறிக்கப்பட்டிருப்பதே அந்நாட்டில் அதற்குள்ள இடத்தைச் சொல்லும். பெரும்பாலானவை ஒன்று முதல் இரண்டு கிலோ வரை இருக்கும்; நான்கு கிலோ மீன் என்றால் வாழ்நாள் முழுவதும் நினைவில் நிற்கும். உடலின் வெள்ளிச் செதில்கள் கண்ணாடிபோலச் சுற்றுப்புறத்தைப் பிரதிபலிப்பதால், மீன் கண்ணுக்குப் படாது. மணலில் விழும் அதன் நிழல்தான் முதலில் தெரியும். கடல் ஏறும்போது ஆழத்திலிருந்து கணுக்கால் அளவுத் தண்ணீருக்கு வந்து, கீழ்நோக்கி அமைந்த வாயால் மணலைக் கிளறி நண்டையும் இறாலையும் தின்னும். தொண்டையிலுள்ள அரைக்கும் தகடுகள் நண்டின் ஓட்டை நொறுக்கிவிடும். தலை கீழாக இருக்கும் அந்நேரத்தில் வால் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்கும். அந்த வாலைக் கண்டு, காலடி ஓசை கேட்காமல் நெருங்கி, அதன் முன்னே ஒரு முழம் தள்ளி இரையை இறக்குவதுதான் நாம் செய்யப் போகும் வேலை.

ஆண்ட்ரோஸ், லாங் ஐலண்ட், எலூதெரா, அக்லின்ஸ் ஆகிய தீவுகளில் இத்தகைய ஆழமற்ற மணற்பரப்புகள் பரந்து கிடக்கின்றன. கடலேற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் தரை சமதளமாக இருப்பதால், அந்த ஒரு மீட்டர் பெரும் நிலப்பரப்பைத் திறந்தும் மூடியும் விடுகிறது.

கருவி வாங்குவதை எங்கிருந்து தொடங்குவது?

ஏறக்குறைய எல்லோரும் கோலிலிருந்து தொடங்குகிறார்கள். கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கைக் கோலுக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் கிடைத்த லைனையும் கண்ணாடியையும் வாங்குகிறார்கள். நான் சொல்வது நேர்மாறானது. மீனின் வாயிலிருந்து தொடங்கி உங்கள் கையை நோக்கி வாருங்கள். முதலில் மீனைப் பார்க்க வேண்டும், அதற்குக் கண்ணாடி. அதனிடம் நடந்து போக வேண்டும், அதற்குக் காலணி. இரை சரியான வேகத்தில் அமிழ வேண்டும். அதற்கு ஃப்ளையின் எடை. அதைக் காற்றை மீறி மென்மையாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும்; அதற்கு லைன். மீன் ஓடும்போது அறுந்துவிடாமல் ஓடவிட வேண்டும், அதற்கு ரீல். கோல் கடைசியில்தான் வருகிறது. நடுத்தர விலைக் கோலும் மிக நல்ல லைனும் வைத்திருப்பவர், மிக உயர்ந்த கோலும் பொருந்தாத லைனும் வைத்திருப்பவரைவிட அதிக மீன்களைத் தொடுவார் என்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

என்னிடம் ஐந்தாம் எண் டிரவுட் கோல் இருக்கிறது. அது போதாதா?

போதாது. மீனின் ஓட்டத்தைத் தாங்காது என்பதைவிடக் காற்றைத் தாங்காது என்பதே முதன்மைக் காரணம். பஹாமாஸில் கிழக்கிலும் தென்கிழக்கிலுமிருந்து வணிகக்காற்று பெரும்பாலான நாட்களில் வீசிக்கொண்டே இருக்கும். எட்டாம் எண் கோல்தான் அங்கே பொதுவான தேர்வு.

இந்த எண் எதைக் குறிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. லைனின் நுனியிலிருந்து முதல் 30 அடியின், அதாவது சற்றேறக்குறைய 9 மீட்டரின் எடையைக் கொண்டே எண் கொடுக்கப்படுகிறது. எட்டாம் எண்ணுக்கு 210 கிரெய்ன், அதாவது 13.6 கிராம், ஒன்பதாம் எண்ணுக்கு 240 கிரெய்ன், பத்தாம் எண்ணுக்கு 280 கிரெய்ன். கோலின் எண் அந்த எடையை வீசுவதற்கு அது பொருத்தமானது என்பதைச் சொல்கிறது. காற்று மிகுந்த மாதங்களில் போகிறவர்கள் ஒன்பதாம் எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அமைதியான காலைகளில் கணுக்கால் தண்ணீரில் பிடிக்க விரும்புகிறவர்களுக்கு ஏழாம் எண் இனிமையாக இருக்கும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் எட்டு.

கோலில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

நீளம் 9 அடி. நான்கு துண்டுகளாகப் பிரியக்கூடியது. ரீலைப் பொருத்தும் இடம் மரமாக இல்லாமல், உப்பைத் தாங்கும்படி பக்குவப்படுத்திய அலுமினியமாகவும், இறுக்குவதற்கு இரண்டு வளையங்கள் உள்ளதாகவும் இருக்கட்டும். கைப்பிடிக்குக் கீழே வயிற்றில் ஊன்றிக்கொள்ளச் சிறு முனை இருக்க வேண்டும். லைன் ஓடும் வளையங்கள் துருப்பிடிக்காத உலோகத்தில், கொஞ்சம் பெரியவையாக இருந்தால், கீழே கிடந்த லைனில் விழுந்த சிறு முடிச்சுகூடச் சிக்காமல் வெளியேறிவிடும்.

மிக விறைப்பான, வேகமான கோலைத்தான் கடலுக்கு வாங்க வேண்டும் என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. அதை நான் முழுமையாக ஏற்கவில்லை. 25 மீட்டர் தள்ளி வீசுவதற்கு அத்தகைய கோல் உதவும். ஆனால் இறங்கி நடப்பவருக்கு மீன் கண்ணில் படுவது பெரும்பாலும் 10 முதல் 15 மீட்டருக்குள்தான். அந்தக் குறுகிய தூரத்தில், வெளியே இருக்கும் சிறிதளவு லைனின் எடைக்கே வளைந்து கொடுக்கும் கோல்தான் இரையைத் துல்லியமாக இறக்கும். கடையில் வீசிப் பார்க்க இடமிருந்தால் 12 மீட்டரில் வீசிப் பாருங்கள். அதற்கு மேல் வீசிக் காட்டுவது அங்கே தேவைப்படாத திறமை.

லைன் ஏன் இத்தனை முக்கியம்? டிரவுட்டுக்கு வாங்கிய மிதக்கும் லைனையே பயன்படுத்தக் கூடாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் மிக நீண்ட பதிலைத் தர விரும்புகிறேன், ஏனெனில் பயணமே வீணாகப் போவது பெரும்பாலும் இங்கேதான்.

ஃப்ளை லைன் என்பது நடுவில் ஒரு நரம்பும், அதைச் சுற்றி நெகிழியான மேற்பூச்சும் கொண்டது. குளிர்நாட்டு லைன்களை, ஐந்து டிகிரித் தண்ணீரிலும் சுருளாமல் இருக்கும்படி மென்மையாகத் தயாரிக்கிறார்கள். அந்த மென்மையே வெயிலில் வினையாகிறது. பஹாமாஸின் ஆழமற்ற தண்ணீர் கோடையில் 30 டிகிரியைத் தாண்டும், அந்தச் சூட்டில் மேற்பூச்சு தளர்ந்து, பிசுபிசுத்து, வளையங்களில் ஒட்டிக்கொள்ளும், நடுநரம்பும் துவண்டுவிடும். எலூதெராவில் என் முதல் பயணத்தில், நன்றாகப் பழகிய பழைய லைன் என்ற நம்பிக்கையில் குளிர்நீர் லைனையே கொண்டுபோயிருந்தேன். காலை எட்டு மணிவரை ஒழுங்காக ஓடிய அது, நண்பகலில் ஈரத் துணிநாடாபோல வளையங்களில் ஒட்டியது. ஐந்து மீன்கள் அடங்கிய கூட்டம் ஒன்று நேராக என்னை நோக்கி வந்தபோது, வீசிய லைன் பாதித் தூரத்திலேயே நின்று, குவியலாகத் தண்ணீரில் விழுந்தது. கோலையும் என் கையையும் அன்று முழுவதும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மாலையில் இன்னொருவரின் லைனை மாட்டி வீசிய பிறகுதான் காரணம் விளங்கியது.

வெப்பமண்டலத்துக்கென்றே செய்யப்படும் லைன்களில் நடுநரம்பு விறைப்பாகவும் மேற்பூச்சு கடினமாகவும் இருக்கும். அவற்றைக் குளிர்ந்த அறையில் ரீலிலிருந்து உருவினால் கம்பிச் சுருள்போல நிற்கும். அதைப் பார்த்துப் பழுதான பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. வெயிலில் ஒருமுறை இழுத்து நீட்டிவிட்டால் நேராகிவிடும். இதே காரணத்தால், அந்த லைனைத் திரும்பி வந்து ஊர் ஆற்றில் பயன்படுத்த முடியாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எடை. இன்று விற்கப்படும் லைன்களில் பல, அட்டையில் எட்டு என்று போட்டிருந்தாலும் உண்மையில் அரை எண்ணோ ஓர் எண்ணோ கூடுதல் எடையோடு வருகின்றன. விறைப்பான கோல்களை வளைப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். கூடுதல் எடை காற்றில் உதவும். ஆனால் அமைதியான தண்ணீரில் அறைந்து விழும், மீன் சிதறி ஓடும். எனவே அட்டையின் பின்புறத்திலுள்ள கிரெய்ன் அளவைப் படியுங்கள். 210-க்கு அருகில் இருப்பதும், முன்பகுதி நீண்டு படிப்படியாக மெலிவதும், கனமான தலைப்பகுதி 12 மீட்டர் வாக்கில் இருப்பதுமான மிதக்கும் லைனே நடந்து பிடிப்பவருக்கு ஏற்றது. அமிழும் லைன் இங்கே வேண்டாம்.

நிறத்தைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். வெளிர்நீலமோ மணல் நிறமோ இருந்தால் நல்லது. ஆனால் மீனின் தலைக்கு மேல் லைன் பறந்தால் எந்த நிறமானாலும் அது ஓடிவிடும். பறக்காமல் பார்த்துக்கொண்டால் எந்த நிறமும் பரவாயில்லை.

ரீலுக்கு எவ்வளவு செலவிடலாம்?

டிரவுட் ஆற்றில் ரீல் என்பது லைனைச் சுற்றி வைக்கும் பெட்டிதான். இங்கே அது வேலை செய்யும் கருவி. தூண்டில் முள் தைத்தவுடன் போன்ஃபிஷ் ஒரே மூச்சில் லைன் முழுவதையும், அதற்குப் பின்னாலுள்ள துணை நூலில் ஐம்பது அறுபது மீட்டரையும் எடுத்துக்கொண்டு ஓடிவிடும். அந்த ஓட்டத்தில் ரீலின் தடை, அதாவது லைன் ஓடுவதை இழுத்துப் பிடிக்கும் அமைப்பு, ஒரு கணம் சிக்கி விட்டாலும் ஃப்ளையைக் கட்டியிருக்கும் நுனி நரம்பு அறுந்துபோகும். ஆகவே பார்க்க வேண்டியது தடையின் வலிமையை அன்று, அதன் சீரான தொடக்கத்தை. கடையில் லைனின் நுனியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். முதல் அசைவில் வெட்டி இழுத்தால் அந்த ரீல் வேண்டாம்.

தடைப்பகுதி உப்புநீரும் மணலும் புகாதபடி அடைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆழமற்ற தண்ணீரில் நடக்கும்போது ரீல் எப்படியும் ஒருநாள் மணலில் விழும். உருளையின் நடுப்பகுதி அகலமாக இருந்தால், மீன் திடீரென நம்மை நோக்கித் திரும்பி ஓடி வரும்போது விரைவாகச் சுற்றி எடுக்கலாம். தடையை எவ்வளவு இறுக்குவது என்றால், நுனி நரம்பின் தாங்குதிறனில் நான்கில் ஒரு பங்கு. 12 பவுண்டு நரம்புக்கு ஏறத்தாழ 3 பவுண்டு. ஒரு சிறு தராசைக் கட்டி வீட்டிலேயே அளந்து குறித்துக்கொள்ளலாம்.

துணை நூல் எத்தனை மீட்டர் வேண்டும்?

20 பவுண்டு டேக்ரான் நூல் 150 மீட்டர் போதும். மெல்லிய ஜெல்-ஸ்பன் நூல் ரீலில் அதிகம் கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் ஓடும்போது விரலில் பட்டால் கத்திபோல அறுக்கும், தளர்வாகச் சுற்றியிருந்தால் அடியிலுள்ள சுற்றுகளுக்குள் புதைந்து சிக்கும். இந்த அளவு மீனுக்கு அது தேவையில்லை.

லீடரும் நுனி நரம்பும் எப்படி இருக்க வேண்டும்?

லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் நரம்புதான் லீடர். நம் கடற்கரைகளில் தங்கூசி என்று சொல்லும் நரம்பின் வகைதான் இதுவும். 10 முதல் 12 அடி நீளமுள்ள, படிப்படியாக மெலியும் லீடரும், அதன் நுனியில் 12 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பும் பொதுவான அளவு. அலையாத்தி வேர்களும் பவளக்கற்களும் நிறைந்த இடமென்றால் 16 பவுண்டுக்கு மாறுங்கள். ஃப்ளூரோகார்பன் உராய்வைத் தாங்கும், தண்ணீரில் அமிழும். எளிதில் மக்காது என்பதால் வெட்டிய துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

காற்று வலுத்தால் லீடரை 9 அடியாகக் குறைக்கலாம். தண்ணீர் கண்ணாடிபோல நின்றால் 14 அடிவரை நீட்டலாம். ஃப்ளையை இறுக்கமாகக் கட்டாமல், நழுவாத சிறு கண்ணியாகக் கட்டினால் அது இயல்பாக அசையும். முடிச்சை எச்சிலால் நனைத்த பின்பே இறுக்க வேண்டும்; உலர்ந்த முடிச்சு சூடேறி வலிமை இழக்கும்.

எந்த ஃப்ளைகளை எடுத்துச் செல்வது?

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 1970-களில் பாப் நாஹைம் என்னும் அமெரிக்கர், ஆண்ட்ரோஸ் தீவின் வழிகாட்டி சார்லி ஸ்மித்துடன் மீன் பிடித்த அனுபவத்திலிருந்து உருவாக்கிய ஃப்ளைதான் கிரேஸி சார்லி. சார்லி என்ற பெயர் அந்த வழிகாட்டியுடையது. அதே தீவின் மீன்பிடி விடுதியோடு தொடர்புடைய இன்னொன்று காட்சா. இவ்விரண்டும், சிறு நண்டுபோலக் கட்டிய ஒன்றும், முன்கால்கள் நீண்ட இறால்போலக் கட்டிய ஒன்றும் இருந்தால் பஹாமாஸ் முழுவதும் போதும்.

ஆனால் பெயரைவிட எடைதான் முக்கியம். இந்த ஃப்ளைகளில் கண்களாகக் கட்டப்படும் மணிகள், முள்ளின் கூர் மேல்நோக்கி நிற்கும்படி செய்கின்றன. அதனால் புல்லிலும் கல்லிலும் சிக்குவது குறைகிறது. அமிழும் வேகத்தைத் தீர்மானிப்பவையும் அவையே. மீன் கணுக்கால் தண்ணீரில் மேயும்போது ஈயக்கண் வைத்த ஃப்ளை தொப்பென்று விழுந்தால், அந்த மீனை மறந்துவிட வேண்டியதுதான். அதே மீன் தொடையளவுத் தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தால், எடையில்லாத ஃப்ளை அதன் கண்மட்டத்துக்கு வருவதற்குள் அது கடந்து போய்விடும். எனவே ஒவ்வொரு வகையிலும் மூன்று எடைகள் வேண்டும்: கண்ணே இல்லாதது, சங்கிலிமணிக் கண் வைத்தது, பித்தளை அல்லது ஈயக்கண் வைத்தது. பெட்டியில் அவற்றைத் தனித்தனி வரிசையில் வையுங்கள். காலையில் தண்ணீரில் இறங்கியவுடன் மூன்றையும் காலருகே போட்டு, அடியைத் தொட எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். ஒரு நிமிடம்கூட ஆகாத இந்த வேலை, நாள் முழுவதும் முடிவெடுக்க உதவும்.

நிறத்துக்கு விதி எளிது. அந்தத் தரையில் வாழும் இறால் அந்தத் தரையின் நிறத்தில்தான் இருக்கும். வெண்மணலில் வெள்ளையும் வெளிர் இளஞ்சிவப்பும், பழுப்பு மணலில் பழுப்பும், கடற்புல் மேல் ஒலிவ் பச்சையும். முள்ளின் அளவு 4-உம் 6-உம் பெரும்பான்மையாக இருக்கட்டும். பெரிய மீன்களுக்குப் பெயர்பெற்ற இடங்களுக்கு 2; எண் குறைந்தால் முள் பெரிது என்று பொருள். ஒரு வாரத்துக்கு முப்பது ஃப்ளைகள் போதுமானவை. நூறு வாங்கி வருகிறவர்கள் மீனைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முள்ளின் கூருக்குப் பின்னே எதிர்ப்பக்கம் நீட்டி நிற்கும் சிறு முனையை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனுக்கு நல்லது, காற்றில் திசைமாறி உங்கள் காதிலோ கழுத்திலோ தைத்தால் உங்களுக்கும் நல்லது.

சீலாவும் சுறாவும் வந்தால் என்ன செய்வது?

சீலா, அதாவது பாரகூடா, இந்தப் பரப்புகளில் அடிக்கடி தென்படும். அதன் பற்கள் எந்த நரம்பையும் வெட்டிவிடும். 15 சென்டிமீட்டர் மெல்லிய கம்பியும் பச்சை-வெள்ளை நீள ஃப்ளைகள் இரண்டும் பையில் இருந்தால், போன்ஃபிஷ் கிடைக்காத நடுப்பகலை அதனுடன் இன்பமாகக் கழிக்கலாம். சுறா நீங்கள் இழுத்துவரும் மீனைத் துரத்தினால், தடையை முழுவதும் தளர்த்தி மீனைத் தடையின்றி ஓடவிடுங்கள். தப்புவதற்கு அதற்குள்ள ஒரே வாய்ப்பு அதுதான்.

இதே கருவிகளோடு சீஷெல்ஸ் போகலாமா?

போன்ஃபிஷுக்காக என்றால் போகலாம்; அங்கும் அதன் நெருங்கிய உறவினம் உண்டு. ஆனால் அல்ஃபோன்ஸ் தீவுக்கு அருகிலுள்ள செயிண்ட் ஃபிரான்சுவா போன்ற பவளத்தீவுகளின் விளிம்பில் உலவுவது பெரும்பாரை. நம் கடற்கரையில் பாரை என்று சொல்லும் குடும்பத்தில் மிகப் பெரியது அது. ஐம்பது கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. அதற்குப் பன்னிரண்டாம் எண் கோலும், 100 பவுண்டுக்கு மேல் தாங்கும் நேர்நரம்பும், கை நீள ஃப்ளைகளும், அதற்கேற்ற பெரிய ரீலும் வேண்டும். எட்டாம் எண் கோலால் அதை எதிர்கொள்ள முயல்வது கோலை முறிப்பதற்கான வழி. முதல் வெப்பக்கடல் பயணத்துக்கு அது ஏற்ற இடமன்று என்பது என் கருத்து.

எந்தக் கண்ணாடி?

பளபளப்பை வடிகட்டும் போலராய்டு கண்ணாடி இல்லாமல் இந்த மீன்பிடிப்பே இல்லை. ஆழமற்ற மணலுக்குச் செம்பு அல்லது தேன் நிற வில்லை. அது மணலுக்கும் மீனுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும். ஆழ்கடலுக்கு உகந்த சாம்பல் நிற வில்லை இங்கே மங்கலாகத் தெரியும். மேகமூட்டத்துக்கு மஞ்சள் வில்லை கொண்ட இரண்டாவது கண்ணாடியும் கொண்டுபோகலாம்; உடைந்தால் மாற்றாகவும் ஆகும். பக்கவாட்டில் வெளிச்சம் புகாத சட்டமும், அடிப்பக்கம் கருநிறமான தொப்பியும் சேர்ந்தால்தான் கண்ணாடி முழுப்பயன் தரும். ஏற்கெனவே பார்வைக் கண்ணாடி அணிபவர்கள் அதே அளவில் போலராய்டு வில்லை செய்துகொள்வதற்குச் செலவிடும் பணம், இந்தப் பட்டியலிலேயே மிகவும் பயனுள்ள செலவு.

காலுக்கு?

பழைய ரப்பர் செருப்போ கடற்கரைக் காலணியோ வேண்டாம். சுண்ணாம்புப் பாறையின் கூர்முனைகளும் கடல் முள்ளெலிகளும் மெல்லிய அடிப்பாகத்தைத் துளைத்துவிடும். ஆண்ட்ரோஸின் மேற்கே உள்ளதுபோன்ற மென்சேறு செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். கணுக்காலுக்கு மேல் வரும், அடி தடித்த நடைக்காலணியும், உள்ளே நியோப்ரீன் காலுறையும் வேண்டும். அரை அளவு பெரியதாக வாங்குங்கள்.

காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடக்க வேண்டும். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அதிர்வை உணர்ந்து விலகிப்போகும். நேராக மிதித்தால் வால்முள்ளால் குத்தும். எந்தக் காலணியும் அந்தக் குத்தை முழுமையாகத் தடுக்காது.

தோலுக்கும் உடைக்கும்?

நீளக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, கழுத்தையும் முகத்தையும் மூடும் துணி, விரல்நுனி திறந்த கையுறை. இவை இருந்தால் களிம்பின் தேவை வெகுவாகக் குறையும். மாலையில் கடிக்கும் மணல் ஈக்களுக்கான டீட் கலந்த தைலத்தைக் கையில் பூசிக்கொண்டு லைனைத் தொடாதீர்கள். அது நெகிழியைக் கரைத்து மேற்பூச்சைக் கெடுக்கும். பூசுவதானால் புறங்கையால் பூசுங்கள்.

விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது?

நான்கு துண்டுக் கோலின் குழாய் முக்கால் மீட்டர் அளவுதான் என்பதால், பல விமானங்களில் கையிலேயே கொண்டுபோக முடிகிறது. ஆனால் விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இடுக்கி, கத்தரி, ஃப்ளைப் பெட்டி ஆகியவை சரக்குப் பெட்டியில் போகட்டும். இரண்டு கோல்கள் இருந்தால் ஒன்றைக் கையிலும் மற்றதைப் பெட்டியிலும் வையுங்கள். வெளித்தீவுகளில் ஃப்ளைக் கருவிக் கடைகள் அரிது. ஊரில் மறந்தது ஊரில்தான் இருக்கும். நரம்புச்சுருள், கண்ணாடி, லைன் ஆகிய மூன்றிலும் ஒரு மாற்று வேண்டும்.

உரிமம் வேண்டுமா? மீனை என்ன செய்வது?

வேண்டும். 2017-இல் வந்த விதிகளின்படி, 12 வயதைக் கடந்த வெளிநாட்டவர் இந்த ஆழமற்ற பரப்புகளில் மீன்பிடிக்கத் தனிநபர் உரிமம் பெற வேண்டும். நாள், வாரம், மாதம், ஆண்டு என்று கால அளவுகளில் கிடைக்கிறது. கரையில் தனியாக நடப்பவருக்கும் இது பொருந்தும்.

மீனைத் திரும்ப விடுவதே அங்கே வழக்கம். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, நீள்மூக்கு இடுக்கியால் முள்ளைக் கழற்றுங்கள். படமெடுக்க நீண்ட நேரம் வெளியே தூக்கிய மீன் தள்ளாடியபடி போகும். அந்தத் தள்ளாட்டத்தைச் சுறாவும் சீலாவும் உடனே கண்டுகொள்ளும்.

உப்பிலிருந்து கருவிகளை எப்படிக் காப்பது?

ஒவ்வொரு மாலையும், சாப்பிடுவதற்கு முன். தீவுகளில் நன்னீர் அருமை; அதனால் குழாயைத் திறந்துவிடாமல் ஒரு வாளி நீரில் ரீலையும் இடுக்கியையும் ஊறவைத்து, அதே நீரில் நனைத்த துணியால் கோலின் வளையங்களைத் துடையுங்கள். வேகமாகப் பீய்ச்சும் நீர் உப்பைக் கழுவுவதற்குப் பதிலாக இடுக்குகளுக்குள் தள்ளிவிடும். கோலின் துண்டுகளைக் கழற்றி வையுங்கள். இணைத்தபடியே விட்டால் உப்பு காய்ந்து பிடித்துக்கொள்ளும். அன்று பயன்படுத்திய ஃப்ளைகளை உலராமல் பெட்டிக்குள் போட்டால், ஒன்றின் துரு மற்றெல்லாவற்றுக்கும் பரவும்.

ஊர் திரும்பியதும் லைனையும், நனைந்த அளவுக்குத் துணை நூலையும் உருவி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்துங்கள். துணை நூலில் தங்கும் உப்புதான் பல ரீல்களை உள்ளிருந்து அரிக்கிறது. பிறகு லைனைத் தளர்வாகச் சுற்றி, ரீலின் தடையை முழுவதும் தளர்த்தி, காற்றுப்புகும் துணிப்பையில் போட்டு வையுங்கள். கோலை ஈரமான உறையோடு குழாய்க்குள் மூடிவிட வேண்டாம்.